பாவுட்டி கடையில் இலங்கை மேற்கே இருக்கிறது

கூடலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
இரண்டு நாற்காலி, ஒரு ரேடியோ,
முன்னால் கண்ணாடி,
முதுகுக்குப் பின்னால் லேமினேட் செய்த உலகப் படம்.
மச்சான் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது.
ஷார்ஜாவில் ஒரு குண்டூசி.
அரபிக்கடலில் ஒரு காற்றுக் குமிழ்,
பதினேழு வருடமாகக் கரை கடக்காத புயல்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு
அதில் நான் பயணம் போகிறேன்.
கழுத்தில் துணி கட்டியபின்
தலையைத் திருப்பக்கூடாது என்பது சட்டம்.
ஆகவே உலகத்தைக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.
அமெரிக்கா வலது கோடியில்.
ஜப்பான் இடது கைப்பிடிப் பக்கம்.
எழுத்தெல்லாம் புறம் திரும்பி
யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில்.
இலங்கை மேற்கே வந்துவிட்டது.
கேரளம் கிழக்கே போய்விட்டது.
நாடுகாணி சோதனைச்சாவடியை
எந்தப் பக்கம் வைப்பது என்று
நிலம்பூர்க்காரன் பாவுட்டிக்கே தெரியவில்லை.

என் ஒரே கடல் பயணம் ஒன்பது வயதில்.
தலைமன்னாரிலிருந்து மூன்று மணி நேரம்.
படத்தில் அது ஒரு முடியின் அகலம்கூட இல்லை.
கடலின் நிறம் ஞாபகமில்லை.
எதிரே ஒரு பையன் வைத்திருந்த
பம்பரத்தின் சிவப்பு ஞாபகமிருக்கிறது,
அவன் அதைச் சுற்றத் தரவேயில்லை என்பதும்.

அதற்கு முன்பே இரண்டு பேனாக்கள்
எங்களை எண்ணி முடித்திருந்தன.
இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை எனக்கு,
மீதியைப் பிறகு பேசிக்கொள்வோம்.
கொழுந்து நிறுக்கும்போது
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
எங்களை நிறுத்தவர்கள்
அதைக் கழித்தார்களா, தெரியாது.

தாடையைத் தூக்கு, என்கிறான் பாவுட்டி.
கத்தி தொண்டையில் இருக்கும்போதுதான்
அவனுக்கு அரசியல் கேட்கத் தோன்றும்.
இந்த முறை யாருக்கு?
ம்ம், என்கிறேன்.
எல்லாக் கட்சிக்கும் பொதுவான சின்னம் அது.
வெளியே ஜீப் போகிறது,
பட்டா பட்டா என்று பாடிக்கொண்டு.
போன தேர்தலிலும் இதே ஜீப்தான்,
ஹாரன் மட்டும் புதிது.

பக்கத்து நாற்காலியில் குண்டல்பேட்டை மாதேவப்பா.
இரவு ஒன்பதுக்குக் காட்டு கேட்டை மூடுவதில்
லாரிக்காரனுக்கு இருக்கும் கோபம் முழுவதும் அவருக்கு உண்டு.
யானைக்கு மட்டும் எல்லை கிடையாது, என்கிறார்.
அதற்கும் அகழி வெட்டியிருக்கிறார்கள் மாதேவப்பா,
எங்கள் லயத்துக்குப் பின்னால்.
உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது,
யார் உட்கார்ந்து எதைப் பார்த்தார்களோ.

வீட்டில் உண்மையான பயணி பரிமளம்.
பெண்களுக்கு பஸ் இலவசம் என்றதிலிருந்து
அவள் கால் தரையில் நிற்பதில்லை.
பந்தலூர்வரை போய்
ஜன்னலோரமாய் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்துவிட்டு
அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவாள்.
என்ன வாங்கினாய்?
ஒண்ணுமில்ல. மழை அங்க வேற மாதிரி பெய்யுது.
ஒரு அரசாங்கத்தை இதைவிடச் சுருக்கமாக
யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

பெங்களூர்க் கார் ஒன்று வாசலில் நின்று
ஊட்டிக்கு எவ்வளவு தூரம் என்றது,
இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றது.
பாவுட்டி கத்தியால் மேலே காட்டினான்:
ஐம்பது கிலோமீட்டர்.
இரண்டாவது கேள்விக்கு அவன் என்னைப் பார்த்தான்.
நான் கண்ணாடியைப் பார்த்தேன்.
கார் போய்விட்டது.

துணியை உதறியபோது
என் நரைமுடி கொஞ்சம் பறந்து
மடகாஸ்கர் பக்கம் ஒட்டிக்கொண்டது.
தட்டிவிடாதே, இருக்கட்டும் என்றேன்.
எழுந்து திரும்பினால்
இலங்கை பழையபடி கிழக்கே.
எண்பது ரூபாய்.
சில்லறை இல்லாததால்
இருபது அடுத்த மாதத்துக்கு வரவு.

அரைக் கிலோ மத்தி வாங்கிக்கொண்டு
மூன்றே கால் பஸ்ஸைப் பிடித்தேன்.
கண்டக்டர் புதியவர், கீழ்நாட்டுக்காரர்.
எந்த ஊர், என்றார்.
டிக்கெட்டுக்குத்தான் கேட்டார்.
எனக்கு ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தது.
மீன் பை முழங்காலில் சொட்டிக்கொண்டிருந்தது.
ஒரு சேரம்பாடி, என்றேன்.